வானிலிருந்து படியும் நஞ்சை அளப்பது எப்படி?

டிடிடி (பூச்சிக்கொல்லி), பிசிபி (மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட வேதிப்பொருள்), டையாக்சின் (குப்பை எரியும்போது உருவாகும் நஞ்சு) போன்றவை நீடித்த கரிம மாசுகள். எளிதில் சிதையாது, கொழுப்பில் சேரும். வெப்பமான இடத்தில் ஆவியாகிக் குளிர்ந்த இடத்தில் இறங்கும், மறுபடி எழும்பி நகரும். பிசிபி தயாரிக்கப்படாத கனடாவின் வடகோடியில், 1980களில் அங்கு வாழும் இனுவிட் பழங்குடித் தாய்மாரின் பாலில் அது அதிக அளவில் இருந்தது தெரியவந்தது. இவற்றை ஒழிக்க 2001இல் நாடுகள் ஏற்ற ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதலில் இத்தகைய 12 மாசுகளைப் பட்டியலிட்டது.

இவை மழையோடும் தூசியோடும் தரையில் படிவதை மொத்தமாகச் சேகரித்து அளக்கும் முறை இது. வாயுவாக வந்து நேரே இலையிலும் நீரிலும் கலப்பது இதில் அகப்படாது.

1. இடம்: திறந்த வெளி. மரம், கட்டடத்தின் உயரத்தைப் போல இரு மடங்காவது தள்ளிக் கருவியை வையுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர், குப்பை எரிக்கும் இடம் பக்கத்தில் வேண்டாம்.

2. கருவி: கண்ணாடி அல்லது துருப்பிடிக்காத எஃகுப் புனல், அடியில் கண்ணாடிக் குடுவை. பிளாஸ்டிக் கூடவே கூடாது, இந்த மாசுகள் அதில் ஒட்டிக்கொள்ளும். சில மாசுகள் வெயிலில் சிதையும். குடுவையை அலுமினியத் தாளால் மூடுங்கள்.

3. கழுவுதல்: புனலையும் குடுவையையும் சோப்பு, நீர், பிறகு அசிட்டோன், கடைசியாக ஹெக்சேன் (இரண்டும் கரைப்பான்கள்) கொண்டு கழுவுங்கள். உலர்ந்ததும் அவற்றின் வாயை மூடிவிடுங்கள்.

4. வெற்று மாதிரி (எதையும் சேகரிக்காத ஒப்பீட்டுக் குடுவை): என்னைக் கேட்டால் மொத்த வேலையின் உயிர் இதுதான். தேடும் பொருளோ கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்னும் அளவில் இருக்கிறது. கையுறை, கரைப்பான், ஆய்வகக் காற்று என எதிலிருந்தும் அது உள்ளே வரலாம். ஆகவே இன்னொரு குடுவையை அதே போலக் கழுவி, களத்துக்குக் கொண்டுபோய், ஒரு கணம் திறந்து மூடி, மற்றவற்றோடு சேர்த்தே பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு தென்பட்டால், நீங்கள் அளந்தது வானத்தை அல்ல, உங்கள் கைகளை. அந்த மாத எண்ணை விட்டுவிடத் தயங்காதீர்கள். குடுவைகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒன்றாவது வையுங்கள்.

5. காத்திருத்தல்: இரண்டு முதல் நான்கு வாரம். வைத்த, எடுத்த நேரத்தைக் குறியுங்கள்.

6. எடுத்தல்: புதியவர்கள் குடுவை நீரை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். புனலின் சுவரில் ஒட்டியிருப்பதை விட்டால் கணக்கு குறைந்துவிடும். சுவரைச் சுரண்டி, அசிட்டோனால் அலசி, அலசிய திரவத்தையும் அதே குடுவையில் சேருங்கள். இருட்டில், குளிரில் வைத்து அனுப்புங்கள்.

7. ஆய்வகம்: தேடும் மாசையே கார்பன்-13 (சற்றுக் கனமான கார்பன்) ஏற்றி, அளவு தெரிந்தபடி முதலிலேயே கலப்பார்கள். கடைசியில் அது எவ்வளவு திரும்பி வருகிறதோ, அதைக் கொண்டு இடையில் ஏற்பட்ட இழப்பு தெரியும். பிறகு கரைப்பானில் பிரித்தெடுத்து, சிலிக்காவில் சுத்தம் செய்து, வாயு நிறப்பிரிகை-நிறைமாலைமானியில் (பொருட்களைப் பிரித்து, மூலக்கூறு நிறையால் அடையாளம் காணும் கருவி) அளப்பார்கள்.

8. கணக்கு: மாதிரியின் நிறையிலிருந்து வெற்று மாதிரியின் நிறையைக் கழித்து, புனல் பரப்பாலும் நாட்களாலும் வகுக்க வேண்டும். புனல் விட்டம் 25 செ.மீ. என்றால் பரப்பு 0.0491 ச.மீ. 30 நாளில் 1.5 நானோகிராம், வெற்று மாதிரியில் 0.2 என்றால் மிச்சம் 1.3 நானோகிராம், அதாவது 1,300 பிகோகிராம் (ஒரு நானோகிராம் என்பது 1,000 பிகோகிராம்). விடை, ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 880 பிகோகிராம்.

ஒரு மாத எண்ணை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். மழை மாதமும் வறண்ட மாதமும் மிகவும் வேறுபடும், ஓராண்டாவது தொடருங்கள். மழையளவையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.