பழைய அமெரிக்க நிக்கல் காசு: பொறுக்குவதும் விலை பார்ப்பதும்

அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசுக்குத்தான் நிக்கல் என்று பெயர். பெயரை நம்பாதீர்கள், அதில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்குதான் நிக்கல். 1866 முதல் இன்றுவரை, இரண்டாம் உலகப் போர்க்காலம் நீங்கலாக, இதே கலவை, இதே 5 கிராம் எடை. புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. 1964 வரை அடித்த டைமிலும் (பத்து சென்ட்) குவார்ட்டரிலும் (இருபத்தைந்து சென்ட்) வெள்ளி இருந்ததால் அவற்றை ஆட்கள் எப்போதோ பொறுக்கி எடுத்துவிட்டார்கள். நிக்கலை அவ்வளவாக யாரும் சீண்டவில்லை. 1940களில் அடித்த காசுகூட இன்னமும் கடைச் சில்லறையில் கையில் வந்து விழும்.

படி 1: ரோல் வாங்குங்கள்

வங்கியில் நிக்கல் ரோல், அதாவது காகிதத்தில் சுருட்டிய காசுக் கட்டு, கேளுங்கள். ஒரு ரோலில் 40 காசு, 2 டாலர். பெட்டியாக வாங்கினால் 50 ரோல், 100 டாலர். வேண்டாததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதால் இந்தப் பொழுதுபோக்கில் கைமுதல் கரையாது. கூடவே 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். நகைக்கடையில் வைரம் பார்க்க வைத்திருப்பார்களே, அது.

படி 2: எந்தக் குடும்பம் என்று பாருங்கள்

கேடயம் பொறித்தது 1866 முதல் 1883 வரை வந்தது. அடுத்து 1912 வரை லிபர்ட்டி என்ற சுதந்திர தேவியின் தலை. பின்புறம் பெரிய ரோமன் ஐந்து இருக்கும். 1913 முதல் 1938 வரை பஃபலோ: ஒரு பக்கம் பூர்வகுடி மனிதரின் முகம், மறுபக்கம் காட்டெருமை. 1938-லிருந்து முன்னாள் அதிபர் ஜெஃபர்சன். ரோலில் கிடைப்பது பெரும்பாலும் ஜெஃபர்சன்தான். மற்றவற்றை நாணயக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பழசு என்றாலே விலை அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். 1883-ல் முதலில் வந்த லிபர்ட்டி காசில் ரோமன் ஐந்து மட்டும் இருந்தது, 'சென்ட்ஸ்' என்ற சொல்லே இல்லை. சிலர் தங்கமுலாம் பூசி ஐந்து டாலர் பொற்காசு என்று தள்ளிவிட்டார்கள். அரசு அவசரமாக அந்தச் சொல்லைச் சேர்த்தது. பழையது இனிக் கிடைக்காது என்று எல்லோரும் அதை எடுத்துப் பூட்டி வைத்தார்கள். விளைவு, சொல் இல்லாத காசு இன்று தாராளமாகக் கிடைக்கிறது; அதே ஆண்டில் அதைவிட அதிகமாக அடித்த, சொல் உள்ள காசுக்குத்தான் விலை கூடுதல். எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை மிஞ்சின என்பதைப் பாருங்கள்.

படி 3: ஆண்டும் மின்ட் மார்க்கும்

மின்ட் மார்க் என்பது எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று சொல்லும் சின்ன எழுத்து. டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ. பழைய காசில் எழுத்தே இல்லையென்றால் பிலடெல்ஃபியா. பஃபலோவில் பின்புறம் 'ஃபைவ் சென்ட்ஸ்' என்பதன் கீழே இருக்கும். ஜெஃபர்சனில் 1964 வரை பின்புறம், அவர் வாழ்ந்த மான்டிசெல்லோ மாளிகைக்கு வலப்பக்கம். 1968 முதல் முன்புறம், ஆண்டின் அருகே.

மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே கொட்டை எழுத்தாகப் பி, டி அல்லது எஸ் இருந்தால் உடனே தனியே எடுத்து வையுங்கள். 1942 அக்டோபரிலிருந்து 1945 வரை, நிக்கல் போருக்குத் தேவைப்பட்டதால், 35 சதவீதம் வெள்ளி கலந்து அடித்தவை அவை. ஒவ்வொன்றிலும் 1.75 கிராம் வெள்ளி. எவ்வளவு தேய்ந்திருந்தாலும் வெள்ளி விலைக்குக் குறையாது. 1944 என்று இருந்து மேலே எழுத்து இல்லையென்றால், 1950களில் நியூ ஜெர்சியில் ஓர் ஆள் அடித்த கள்ளக்காசாக இருக்கலாம். ஐந்து சென்ட்டைக் கள்ளமாக அடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

தேடவேண்டிய சில: 1885, 1886, 1912 எஸ் லிபர்ட்டி, 1921 எஸ், 1926 எஸ் பஃபலோ, 1950 டி ஜெஃபர்சன். அப்புறம் 1937 டி பஃபலோவில் மூன்றுகால் எருமை. அச்சை அளவுக்கு மீறித் தேய்த்ததில் ஒரு முன்னங்கால் காணாமல் போனது. நான்குகால் காசில் ஒரு காலைச் சுரண்டி விற்பவர்களும் உண்டு. அசலில் வயிற்றிலிருந்து தரைவரை மேடான புள்ளிகள் வரிசையாக இறங்கும்.

படி 4: தேய்மானம்

தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்வார்கள். 60-ம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே வராதது. தொடக்கத்தில் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். லிபர்ட்டி காசில் தலைப்பட்டையில் உள்ள 'லிபர்ட்டி' எழுத்துகள் முழுதாகப் படிக்க முடிகிறதா? பஃபலோவில் கொம்பு நுனிவரை தெரிகிறதா? தெரிந்தால் விலை ஏறும்.

பஃபலோவில் ஆண்டு மேடான இடத்தில் இருப்பதால் சீக்கிரம் அழிந்துவிடும். அமிலம் விட்டு அதை மீட்பார்கள். ஆண்டு தெரியும், மேற்பரப்பு அரித்துப்போகும், விலையும் கூடவே போகும்.

படி 5: தேய்த்துக் கழுவாதீர்கள்

இது நான் பட்டது. முதலில் வாங்கிய 1907 லிபர்ட்டி காசு கறுத்துக் கிடந்தது. பித்தளை விளக்கைப் புளிபோட்டு விளக்கும் வீட்டில் வளர்ந்தவன், சும்மா இருப்பேனா? சோடா மாவு போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. கடைக்காரர் ஒரு நொடி சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். லென்ஸில் பார்த்தால் மேலெல்லாம் மயிரிழைக் கீறல். அழுக்காகவே இருக்கட்டும். விளிம்பில் பிடியுங்கள், பிவிசி உறையில் போடாதீர்கள். நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். அட்டைச் சட்டம் போதும்.

படி 6: விலை

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல. ஏலத்தில் அதே ஆண்டு, அதே எழுத்து, அதே தரம் எவ்வளவுக்கு விற்று முடிந்தது என்று பாருங்கள். காசுக்குத் தரம் போடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகியவற்றின் தளங்களில் விலைப்பட்டியல் இலவசம். கடைக்காரர் அதைவிடக் குறைத்துத்தான் கேட்பார். அவருக்கும் வாடகை இருக்கிறது. இந்த இரு நிறுவனங்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு தரச்சான்று தரும். பத்து டாலர் காசுக்கு அது வீண்செலவு.

மிச்சக் காசை வாங்கிய வங்கியிலேயே கொட்டிவிடாதீர்கள். அடுத்த வாரம் அதே ரோல் உங்கள் கைக்கே திரும்ப வரும்.