வீடியோ டிகோடருக்கு முதல் அசெம்பிளி ஃபங்ஷன்: பதினாறு பிக்சல் ஒரே அடியில்

1080பி வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு 20,73,600 பிக்சல்கள். 4:2:0 முறையில் (நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில் வைக்கும் முறை) நிறத் தகவலையும் சேர்த்தால் ஏறக்குறைய 31 லட்சம் பைட். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால், டிகோடர் (சுருக்கிய வீடியோவை மீண்டும் படமாக விரிக்கும் நிரல்) ஒவ்வொரு நொடியும் 9.3 கோடி பைட்டைக் கணக்குப் போட்டு எழுதியாக வேண்டும். இதை பைட் பைட்டாகச் செய்தால் ப்ராசஸர் சூடாகும், பேட்டரி கரையும். அதனால்தான் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளிலும், ஏவி1 என்ற வீடியோ வடிவத்துக்கான வீடியோலேனின் டிகோடரான டேவிட்டிலும் (dav1d) அதிக நேரம் தின்னும் இடங்களையெல்லாம் கையாலேயே அசெம்பிளியில் (ப்ராசஸரின் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி) எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு சின்ன ஃபங்ஷனை இங்கே முதலிலிருந்து எழுதிப் பார்ப்போம். சி ஓரளவு தெரிந்தால் போதும்.

தேவையானவை: லினக்ஸ் உள்ள ஒரு இன்டெல் அல்லது ஏஎம்டி கணினி, ஒரு சி கம்பைலர், நாஸ்ம் அசெம்பிளர் (அசெம்பிளியை இயந்திரக் கட்டளையாக மாற்றுவது), நேரத்தை அளக்கும் பெர்ஃப் கருவி.

படி 1: எங்கே நேரம் போகிறது?

எதையும் எழுதும் முன் அளந்து பாருங்கள். ஒரு வீடியோவை டிகோடு மட்டும் செய்ய விட்டு (வெளியீட்டை எங்கும் எழுத வேண்டாம்), பெர்ஃப் ரெக்கார்டு, அப்புறம் பெர்ஃப் ரிப்போர்ட். எந்த ஃபங்ஷன் எத்தனை சதவீதம் தின்கிறது என்று வரிசையாக வரும். 4 சதவீதம் எடுக்கும் ஃபங்ஷனை எவ்வளவு வேகப்படுத்தினாலும் மொத்தத்தில் மிச்சமாவது அந்த 4-க்குள்தான்.

பட்டியலில் மேலே இருப்பதெல்லாம் நமக்கு உதவாது. எச்.264 வீடியோ வடிவத்தில், சுருக்கிய பிட்டுகளை விரிக்கும் கேபாக் என்ற பகுதி நிறைய நேரம் எடுக்கும். ஆனால் அங்கே ஒரு பிட்டின் விடை தெரிந்தால்தான் அடுத்த பிட்டைத் தொடவே முடியும், பதினாறை ஒன்றாகச் செய்ய வழியில்லை. நாம் தேடுவது, பக்கத்துப் பிக்சலைக் கேட்காமல் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே கணக்கைச் செய்யும் இடம்.

படி 2: சி-யில் எழுதுவது

பி-ஃபிரேம் சராசரியை எடுத்துக்கொள்வோம். 16×16 பிக்சல் கட்டம் ஒன்றை முந்தைய ஃபிரேமிலிருந்து ஒன்று, பிந்தைய ஃபிரேமிலிருந்து ஒன்று என இரண்டு மூலங்களை வைத்து ஊகிக்கிறோம். விடை: இரண்டையும் கூட்டி, 1 சேர்த்து, பாதியாக்கு. சி-யில் இரண்டு ஃபார் லூப், 256 சுற்று, அவ்வளவுதான்.

அந்த ‘1 சேர்’ என்பதை விட்டுவிடக் கூடாது. 100-உம் 103-உம் என்றால் கூட்டல் 203. ஒன்று சேர்த்துப் பாதியாக்கினால் 102, சேர்க்காவிட்டால் 101. ஒரு புள்ளி வித்தியாசம் கண்ணுக்கா தெரியப் போகிறது என்று தோன்றும். ஆனால் இந்த ஃபிரேமை ஆதாரமாக வைத்து இன்னொரு ஃபிரேம் கட்டப்படலாம், அதன் மேல் மற்றொன்று. பிழை அப்படியே கைமாறி, அடுத்த கீஃபிரேம் (வேறு எதையும் சாராத முழு ஃபிரேம்) வரும்வரை குவிந்துகொண்டே போகும். அதனால் அசெம்பிளி தரும் விடை சி தரும் விடையோடு பிட் மாறாமல் ஒத்துப்போக வேண்டும். சி வடிவத்தைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் அளவுகோல்.

படி 3: அசெம்பிளிக்கு முன்பே சோதனை

ரேண்டம் பைட்டுகளால் இரண்டு பஃபரை நிரப்பி, சி ஃபங்ஷனையும் அசெம்பிளி ஃபங்ஷனையும் ஓட்டி, இரண்டு விடைகளையும் ஒப்பிடும் ஒரு குட்டி நிரல் எழுதுங்கள். கட்டத்துக்கு வெளியே உள்ள பைட்டுகள் மாறியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக், டேவிட் இரண்டிலும் இதற்கென்றே செக்அசெம் என்ற கருவி இருக்கிறது. பிற்பாடு அதற்குள் உங்கள் ஃபங்ஷனைச் சேர்க்கலாம்.

படி 4: அசெம்பிளி

பல பைட்டுகளை ஒன்றாகக் கையாளும் எஸ்எஸ்இ2 கட்டளைத் தொகுப்பில் ஒரு ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள் உள்ள சேமிப்பிடம்) 128 பிட், அதாவது 16 பைட். நம் கட்டத்தின் ஒரு வரிசை அதில் கச்சிதமாக உட்காருகிறது. நமக்குத் தேவையான கணக்கை அப்படியே செய்யும் ஒரு கட்டளையும் உண்டு: பிஏவிஜிபி (pavgb). 255 + 255 + 1 = 511 ஒரு பைட்டில் அடங்காது. அந்த ஒன்பதாவது பிட்டை இந்தக் கட்டளை உள்ளுக்குள்ளேயே பார்த்துக்கொள்கிறது. கீழே எம்0, எம்1 என்பவை இரண்டு ரெஜிஸ்டர்கள். மூவ்டிக்யூயூ (movdqu) எந்த முகவரியோடும் 16 பைட்டை நகர்த்தும், மூவ்டிக்யூஏ (movdqa) 16-ஆல் வகுபடும் முகவரியோடு மட்டும். ஸ்ட்ரைடு என்பது ஒரு வரிசையின் தொடக்கத்திலிருந்து அடுத்த வரிசையின் தொடக்கம்வரை உள்ள பைட் தூரம்.

லூப்:
மூவ்டிக்யூயூ எம்0, [மூலம்1]
மூவ்டிக்யூயூ எம்1, [மூலம்2]
பிஏவிஜிபி எம்0, எம்1
மூவ்டிக்யூஏ [இலக்கு], எம்0
மூன்று பாயிண்டருக்கும் ஸ்ட்ரைடைக் கூட்டு
உயரத்தில் ஒன்று குறை, மிச்சம் இருந்தால் லூப்புக்குப் போ

256 சுற்று 16 ஆகிவிட்டது.

இரண்டாவது மூலத்தைத் தனியாக ஏற்றாமல் பிஏவிஜிபி-க்கே நேரடியாகக் கொடுத்தால் என்ன? எஸ்எஸ்இ வடிவத்தில் அந்த முகவரி 16-ஆல் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் நிரல் அந்த இடத்திலேயே விழும். அசைவு வெக்டர் (கட்டத்தை மூல ஃபிரேமில் எங்கிருந்து எடுப்பது என்று சொல்வது) எந்தப் பிக்சலை வேண்டுமானாலும் காட்டும் என்பதால் மூலங்களை நம்ப முடியாது. இலக்கு கட்டம் மட்டும் ஒழுங்கான முகவரியில் இருக்கும்படி டிகோடர் பார்த்துக்கொள்ளும், அதனால்தான் அங்கே மூவ்டிக்யூஏ. உங்கள் சோதனை நிரலிலும் இலக்கு பஃபரை அப்படியே அலைன் செய்யுங்கள்.

நான் பல நாள் தேடிய பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஸ்ட்ரைடை இன்ட் என்று அறிவித்திருந்தேன். எல்லாச் சோதனையும் பாஸ். பிறகு கீழிருந்து மேலாக அடுக்கப்பட்ட ஒரு ஃபிரேம் வந்தது, ஸ்ட்ரைடு −1920. இன்ட் என்பது 32 பிட். 64 பிட் ரெஜிஸ்டரின் மேல்பாதியில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. அன்று அங்கே பூஜ்யங்கள் இருந்தன, −1920 என்பது 4,29,49,65,376 ஆகிவிட்டது. சரி, டெபக்கரில் அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்தது. ஸ்ட்ரைடுக்கு எப்போதும் பிடிஆர்டிஃப்_டி (ptrdiff_t, இங்கே 64 பிட்) வகையையே வையுங்கள்.

படி 5: மறுபடி அளப்பது

இரண்டு வடிவங்களையும் பல ஆயிரம் முறை ஓட்டி நேரத்தை ஒப்பிடுங்கள். சி-யை ஓ3-இல் (-O3, வேகத்துக்கான கம்பைலர் அமைப்பு) கம்பைல் செய்தும் பாருங்கள். இவ்வளவு எளிய லூப்பை இன்றைய கம்பைலர்கள் தாங்களாகவே பிஏவிஜிபி-யாக மாற்றுவது உண்டு. அப்படியானால் வித்தியாசம் சிறிதாக இருக்கும், ஏமாற வேண்டாம். எஸ்எஸ்இ2-க்குப் பின்வந்த ஏவிஎக்ஸ்2-இன் 32 பைட் ரெஜிஸ்டரும் 16 பிக்சல் அகலத்துக்குப் பெரிதாக உதவாது. ஏவி1-இல் 128 பிக்சல் அகலம்வரை கட்டங்கள் வரும், அங்கேதான் அது பிரகாசிக்கிறது.

அடுத்துச் செய்து பார்க்க ஒரு பயிற்சி. எம்பெக்-2 என்ற பழைய வீடியோ வடிவத்தில் அரைப் பிக்சல் நகர்வு உண்டு. கிடைமட்டமாக மட்டும் என்றால் மூலம்2-க்குப் பதில் மூலம்1 + 1 என்ற முகவரி, வேறு மாற்றம் தேவையில்லை. குறுக்காக நகரும்போது நான்கு பிக்சலைக் கூட்டி, 2 சேர்த்து, நான்கால் வகுக்க வேண்டும். பிஏவிஜிபி-யை இரண்டு அடுக்காகப் போட்டால் ஆயிற்றே என்று கை போகும். 0, 1, 0, 0 கொடுத்துப் பாருங்கள்: சரியான விடை 0, அடுக்கிப் போட்டால் 1 வரும். பைட்டுகளை 16 பிட்டாக விரித்து, கூட்டி, வலப்பக்கம் இரண்டு பிட் நகர்த்தி, மீண்டும் பைட்டாகச் சுருக்குவதுதான் வழி.