ஸ்பேனியல் நாய்களின் காதுத் தொற்று: கண்டுபிடிப்பது, குணப்படுத்துவது, தடுப்பது

காக்கர், ஸ்பிரிங்கர், காவலியர் என்று எந்த ஸ்பேனியலை வளர்த்தாலும், காதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரிந்திருக்க வேண்டும். மற்ற பல இனங்களைவிட இவற்றுக்குக் காதுத் தொற்று எளிதில் வரும். வந்தால் விட்டுவிட்டுத் திரும்பவும் வரும். பலரும் சொட்டு மருந்து விட்டு நாற்றம் போனதும் நிறுத்திவிடுகிறார்கள். சில வாரங்களில் நாய் மறுபடி தலையை உதறத் தொடங்குகிறது. உள்ளே தொற்று முழுசாகப் போயிருக்காது, அல்லது தொற்றைக் கொண்டுவந்த காரணத்தை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் எப்படிச் சரியாகச் செய்வது என்பதைத்தான், முதல் முறையாக ஸ்பேனியல் வளர்ப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் காதின் அமைப்பு

நம் காதுக் குழாய் ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாயின் காதுக் குழாய் முதலில் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாகத் திரும்பி, செவிப்பறையில் முடிகிறது. ‘ட’ என்ற எழுத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதே வடிவம். உள்ளே போன தண்ணீரும் அழுக்கும் சுலபமாக வெளியே வராததற்கு இந்தத் திருப்பமே காரணம்.

இது எல்லா நாய்க்கும் பொது. ஸ்பேனியலுக்கு இதோடு இன்னும் சில சேர்ந்துகொள்கின்றன. நீளமான, கனமான காது மடல் துளையை மூடியே கிடக்கிறது. மடலின் உள்பக்கத்திலும் அடர்ந்த முடி. குறிப்பாகக் காக்கர்களுக்குக் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகள் அதிகம். வெதுவெதுப்பு, ஈரம், எண்ணெய்ப் பசை மூன்றும் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேகமாகப் பெருகும்.

ஆனால் தொங்கும் காது மட்டுமே தொற்றுக்குக் காரணம் இல்லை. அது தொற்றுக்கு வசதி செய்து கொடுக்கிறது, அவ்வளவுதான். தொடங்கி வைப்பது பெரும்பாலும் வேறு ஒன்று: அலர்ஜி, காதுக்குள் போன புல் விதை, காதுப் பூச்சி, தைராய்டு குறைபாடு, குளித்த பிறகு உள்ளே தங்கிய தண்ணீர்.

படி 1: நல்ல காது எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ளுங்கள்

நாய் நன்றாக இருக்கும்போதே வாரம் ஒரு முறை மடலைத் தூக்கிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஆரோக்கியமான காதின் உள்தோல் வெளிர் நிறத்தில் இருக்கும். கொஞ்சம் குறும்பி இருந்தால் பரவாயில்லை. நாற்றம் இருக்காது. தொட்டால் நாய் தலையை இழுத்துக்கொள்ளாது. உங்கள் நாயின் காது சாதாரணமாக எப்படி இருக்கும் என்பது மூக்குக்கும் கண்ணுக்கும் பழகிவிட்டால், மாறும்போது முதல் நாளே தெரிந்துவிடும். இரண்டு காதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சிவந்திருந்தால் அதைக் கவனியுங்கள்.

படி 2: அறிகுறிகளைப் படியுங்கள்

அடிக்கடி தலையை உதறுவது, பின்னங்காலால் காதைச் சொறிவது, தரையிலும் சோபாவிலும் காதைத் தேய்ப்பது, மடலைத் தொட்டால் முனகுவது ஆகியவை தொடக்க அறிகுறிகள். உள்ளிருந்து வருவதன் நிறமும் தன்மையும் ஓரளவு துப்புக் கொடுக்கும். பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக, புளித்த வாடையோடு இருந்தால் ஈஸ்ட் என்று சந்தேகிக்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. கறுப்பாகப் பொடிப் பொடியாக இருந்தால், அதுவும் குட்டிக்கு இருந்தால், காதுப் பூச்சியாக இருக்கலாம். காதுப் பூச்சி ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் என்பதால், வீட்டில் உள்ள மற்ற நாய் பூனைகளுக்கும் சேர்த்தே மருத்துவம் பார்க்க வேண்டியிருக்கும்.

இவை துப்புகள் மட்டும்தான். நிறத்தை வைத்து நாமே மருந்தை முடிவு செய்யக் கூடாது. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒரே காதில் சேர்ந்தே இருப்பது சகஜம்.

சில அறிகுறிகளுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பது, நடை தள்ளாடுவது, கருவிழி தானாக இப்படியும் அப்படியும் ஓடுவது, முகத்தின் ஒரு பக்கம் தொய்ந்து போவது ஆகியவை தொற்று நடுக்காதுக்கோ உட்காதுக்கோ போயிருக்கலாம் என்று காட்டுகின்றன. வெளியே உலாவிட்டு வந்த உடனே ஒரு காதை மட்டும் வெறித்தனமாக உதறினால் புல் விதை போயிருக்கலாம். விதையின் கூர்முனை உள்நோக்கியே நகரும், செவிப்பறையைக்கூடத் துளைத்துவிடும். மடல் திடீரென்று தலையணை மாதிரி உப்பினால், உதறிய வேகத்தில் ரத்தக் குழாய் உடைந்து உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். அதையும் அன்றே காட்டுங்கள்.

படி 3: மருத்துவரிடம் போகும் முன் எதையும் ஊற்றாதீர்கள்

இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், வினிகர், பூண்டு எண்ணெய், போன தடவை மிச்சமான சொட்டு மருந்து, மனிதர்களுக்கான காது மருந்து எதுவும் வேண்டாம். புண்ணான தோலில் ஸ்பிரிட்டும் வினிகரும் நெருப்பாக எரியும். அந்த வலியை நாய் மறக்காது, அடுத்த முறை காதைத் தொடவே விடாது. டீ ட்ரீ எண்ணெய் நாய்களுக்கு நஞ்சு.

செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. கிழிந்திருந்தால் சில மருந்துகள் உள்ளே இறங்கிக் கேட்கும் திறனையே பாதிக்கும். போகும் முன் காதைச் சுத்தம் செய்யவும் வேண்டாம். உள்ளே இருக்கும் அழுக்குதான் மருத்துவருக்குப் பரிசோதனைப் பொருள்.

படி 4: மருத்துவரிடம் என்ன நடக்க வேண்டும்

ஓட்டோஸ்கோப் என்ற கருவியால் காதுக்குள் பார்ப்பார்கள். வீக்கம் அதிகமாக இருந்து செவிப்பறை தெரியாவிட்டால், முதலில் வீக்கத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு பார்ப்பதும் உண்டு. அடுத்தது, பஞ்சில் கொஞ்சம் அழுக்கை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. ஈஸ்ட்டா, உருண்டை பாக்டீரியாவா, கோல் வடிவ பாக்டீரியாவா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இந்தப் பரிசோதனை இல்லாமலே மருந்து எழுதினால், ‘ஸ்மியர் பார்க்கலாமா டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள். கோல் வடிவ பாக்டீரியா தெரிந்தாலோ, தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ, கிருமியை வளர்த்து அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையும் தேவைப்படும். சூடோமோனாஸ் போன்ற கோல் வடிவ பாக்டீரியாக்கள் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாது.

வழக்கமாகக் கொடுக்கும் சொட்டு மருந்தில் பூஞ்சையை ஒழிப்பது, பாக்டீரியாவை ஒழிப்பது, வீக்கத்தையும் அரிப்பையும் குறைக்கும் ஸ்டீராய்டு என்று மூன்றும் கலந்திருக்கும். மருத்துவரே ஒரு தடவை போட்டுவிட்டால் வாரக்கணக்கில் வேலை செய்யும் மருந்துகளும் இருக்கின்றன. அப்படிப் போட்டிருந்தால் அவர் சொல்லும்வரை காதைச் சுத்தம் செய்யாதீர்கள். மருந்து கழுவிப் போய்விடும்.

படி 5: காதைச் சுத்தம் செய்வது

மருத்துவர் சொன்ன இயர் கிளீனர், பஞ்சு அல்லது காஸ் துணி, ஒரு பழைய துண்டு, நாய்க்குப் பிடித்த தீனி. இவ்வளவு போதும். பட்ஸைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். அது அழுக்கை அந்தத் திருப்பத்துக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும்.

நாயை ஒரு மூலையில் உட்கார வையுங்கள். பின்னால் நகர இடம் இருக்காது. பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பிடித்துக் குளிர் போக்குங்கள். குளிர்ந்த திரவம் காதுக்குள் போனால் நாய் துள்ளி எழுந்துவிடும். ஒரு கையால் மடலை மேல்நோக்கி மெதுவாக இழுத்துப் பிடித்தால் குழாய் சற்று நேராகும். பாட்டில் நுனியை உள்ளே திணிக்காமல், துளை நிரம்பும்வரை திரவத்தை ஊற்றுங்கள். நாலு சொட்டு போதாது, நிரம்ப வேண்டும்.

உடனே மடலை மூடி, காதின் அடிப்பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். தாடை எலும்புக்குப் பின்னால் குழாய் ரப்பர் குழல் மாதிரி கைக்குத் தட்டுப்படும். அதை 20 முதல் 30 விநாடி பிசையுங்கள். ‘சளக் சளக்’ என்று சத்தம் வந்தால் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். அரிப்போடு இருக்கும் நாய் இந்த நேரத்தில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உங்கள் கை மேலேயே தலையைச் சாய்க்கும். வலியில் கத்தினால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இப்போது கையை எடுத்துவிட்டு உதறவிடுங்கள். துண்டை முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள், சுவரெல்லாம் தெறிக்கும். அடியில் இருந்த அழுக்கு இந்த உதறலில்தான் மேலே வருகிறது. விரலில் பஞ்சைச் சுற்றி, விரல் தானாகப் போகும் தூரம்வரை மட்டும் துடைத்தெடுங்கள். முதல் பஞ்சு பழுப்பாக வரும், போகப் போக வெளுக்கும். முடிந்ததும் தீனி கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கொடுங்கள்.

படி 6: சொட்டு மருந்து விடுவது

சுத்தம் செய்த உடனே மருந்தை விட்டால் ஈரத்தில் நீர்த்துவிடும். 10, 15 நிமிடம் போகட்டும். மருத்துவர் சொன்ன அளவைக் குறைக்காதீர்கள். மருந்து குழாயின் அடிவரை இறங்கி நனைக்க வேண்டும். விட்ட பிறகு அடிப்பகுதியைப் பிசைந்து, ஒரு நிமிடம் தலையைப் பிடித்திருங்கள். நாய் உதறும்போது உங்கள் கண்ணிலும் அதன் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து விட்ட பிறகு சிவப்பு கூடினாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, தள்ளாடினாலோ, மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

மூன்றாம் நாள், நான்காம் நாளிலேயே நாற்றம் குறைந்து நாய் உற்சாகமாகிவிடும். நிறுத்திவிடத் தோன்றுவது இந்த நேரத்தில்தான். மேலே காய்ந்திருக்கும், திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சொன்ன நாள்வரை மருந்தை விடுங்கள். அதோடு, மறுபரிசோதனைக்கும் கட்டாயம் போங்கள். மறுபடி ஸ்மியர் பார்த்துக் கிருமி இல்லை என்று உறுதியான பிறகு நிறுத்துவதுதான் குணமானதற்கு அடையாளம். அரைகுறையாக விட்டால் மிச்சமிருக்கும் பாக்டீரியா அடுத்த முறை மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

படி 7: ஏன் வந்தது என்று தேடுங்கள்

வருடத்தில் இரண்டு மூன்று முறை வந்தால் அதைக் காதுப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். காதுக் குழாயின் உள்ளே இருப்பதும் தோல்தான். நாய் பாதத்தை நக்குகிறதா, அக்குள், வயிறு, தொடையிடுக்கு எல்லாம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அலர்ஜி என்று சந்தேகிக்க வேண்டும். குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வந்தால் மகரந்தம் போன்றவை காரணமாக இருக்கலாம். ஆண்டு முழுக்க வந்தால் தூசிப் பூச்சியோ உணவோ காரணமாக இருக்கலாம்.

உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க, மருத்துவர் தேர்ந்தெடுக்கும் உணவை மட்டும் குறைந்தது 8 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை கெட்டுப்போகும், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் கவனிக்காமல் விட்ட காதில் குழாயின் சுவர் தடித்து, துளை சுருங்கி, கடைசியில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போகும். காக்கர்களுக்கு இது சீக்கிரம் நடக்கும். அந்த நிலையில் குழாயையே அறுவை செய்து எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

காவலியர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. இந்த இனத்துக்கு நடுக்காதில் கெட்டியான சளி போன்ற திரவம் சேரும் ஒரு தனி நோய் உண்டு. வெளிக்காது சுத்தமாக இருக்கும்போதே கழுத்தைத் தொட்டால் கத்துவது, காது கேட்பது குறைவது எல்லாம் வரும். சொட்டு மருந்து இதற்குப் போதாது, ஸ்கேன் தேவைப்படலாம்.

படி 8: வராமல் தடுக்க

குளித்த பிறகும் நீந்திய பிறகும் மடலின் உள்பக்கத்தைத் துண்டால் ஒற்றி எடுங்கள். நாய் நீந்தப் பிரியப்படுவதாக இருந்தால், உலர்த்தும் தன்மையுள்ள இயர் கிளீனரை அன்றே ஒரு முறை போடலாம். மடலின் உள்பக்கத்திலும் துளையைச் சுற்றியும் உள்ள முடியை மழுங்கிய நுனிக் கத்தரியால் குறைத்தால் காற்று போகும். குழாய்க்குள் இருக்கும் முடியைப் பிடுங்க வேண்டாம். அந்த இடம் புண்ணாகி அதுவே தொற்றுக்கு வழி ஆகலாம்.

சாப்பிடும்போது மடல் தட்டில் விழுந்து நனைந்தால், வாய் குறுகி ஆழமாக இருக்கும் கிண்ணத்துக்கு மாறுங்கள். உலாவிட்டு வந்ததும் மடலின் முடியில் புல் விதை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கால்விரல் இடுக்கையும் பாருங்கள். தொற்று இல்லாத காதை தினமும் கழுவாதீர்கள். எப்போதும் ஈரமாக இருந்தால் தோல் ஊறிப்போய்ப் பலவீனமாகும். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பல ஸ்பேனியல்களுக்குப் போதும். உங்கள் நாய்க்கு எது சரி என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தத் தேதியில் எந்தக் காதில் வந்தது, என்ன மருந்து, எப்போது குணமானது, அந்தச் சமயம் உணவையோ ஷாம்பூவையோ மாற்றினீர்களா என்று ஒரு நோட்டிலோ போனிலோ குறித்துவையுங்கள். மருத்துவர் அலர்ஜியைத் தேடத் தொடங்கும்போது முதலில் கேட்கப்போவது இந்த விவரங்களைத்தான்.