மூன்று விநாடி லோகோ, மூன்று வார வேலை

கேம் தொடங்கும்போது திரையில் வரும் லோகோ அனிமேஷனை ஸ்டுடியோக்களுக்குச் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. பதினோரு வருடமாகிறது. போன மாதம் இந்த வேலைக்குப் புதிதாக வந்த சிலர் தாங்கள் செய்ததை அனுப்பி, "பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்றார்கள். மொத்தம் எட்டு லோகோ. எட்டிலும் இருட்டிலிருந்து தீப்பொறி பறந்து வருகிறது, சுற்றிச் சுழன்று ஒன்றுசேர்கிறது, எழுத்து தங்கமாக மின்னுகிறது, கடைசியில் 'டம்ம்' என்று ஓர் இடி. எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. என்னுடைய முதல் நான்கு லோகோவும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தன.

எழுத்துப் பிழை, பிசிறடிக்கும் விளிம்பு, காசு கொடுக்காமல் எடுத்த எழுத்துரு, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. முதல் வேலையிலேயே யாராவது திட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். யாரும் சொல்லாமல் நானே கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்ட தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

சினிமா லோகோ என்று நினைப்பது

தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் தயாரிப்பாளரின் லோகோவை ஒருமுறை பார்க்கிறார். கேம் ஆடுபவர் அப்படியல்ல. வேலை முடிந்து வந்து இரண்டு மாதம் தினமும் ஆடுகிறார், தினமும் அதே லோகோ. பத்து விநாடி லோகோவை நூறு முறை பார்த்தால் கிட்டத்தட்ட பதினேழு நிமிடம். அதை அவர் நம்மிடம் விரும்பிக் கொடுக்கவில்லை.

அதனால்தான் கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் கேம் இருக்கும் ஃபோல்டருக்குள் புகுந்து, லோகோ வீடியோக்களைத் தேடி, கேம் அவற்றைக் கண்டுபிடிக்காதபடி பெயரை மாற்றிவிடுகிறார்கள். பிசி கேமிங் விக்கி தளத்தில் ஏராளமான கேம்களுக்கு 'தொடக்க வீடியோவைத் தாண்டுவது எப்படி' என்று தனிப் பகுதியே இருக்கிறது. நான் இரவெல்லாம் கண்விழித்து ரெண்டர் செய்த ஒன்றை எப்படி ஒழித்துக்கட்டுவது என்று ஒரு புண்ணியவான் படிப்படியாக எழுதியிருந்ததை நானே படித்திருக்கிறேன். தெளிவாகத்தான் எழுதியிருந்தார்.

விளையாட்டு கேம்கள் வெளியிடும் ஈஏ ஸ்போர்ட்ஸின் லோகோவோடு வரும் அந்தக் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் 'இஃப் இட்ஸ் இன் த கேம், இட்ஸ் இன் த கேம்' என்று முழு வாக்கியமாக இருந்தது. பிறகு முன்பாதி உதிர்ந்து 'இட்ஸ் இன் த கேம்' மட்டும் மிஞ்சியது. பாதியை வெட்டியதால் யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை. உங்கள் லோகோவிலும் வெட்டலாம். மூன்று விநாடி போதும். அதையும் பட்டனை அழுத்தினால் தாண்டும்படி வையுங்கள். கேம் செய்யப் பயன்படும் அன்ரியல் எஞ்சின் மென்பொருளில் அதற்கு ஒரே ஒரு டிக்தான்.

முடிந்த வீடியோவாகக் கொடுத்துவிடுவது

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. வந்த எட்டு லோகோவும் எப்படி வந்தன தெரியுமா? எட்டு எம்பி4 ஃபைல்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு சின்ன ஸ்டுடியோ. ஐந்தே பேர், நல்ல பிள்ளைகள். அவர்களுக்கு ஏழு விநாடியில் ஒரு லோகோ செய்தேன். ஒரு மரங்கொத்தி வந்து அடிமரத்தில் உட்காரும். டொக் டொக்கென்று கொத்தும். பட்டை செதில் செதிலாக இரண்டு பக்கமும் தெறிக்கும். உரிந்த இடத்தில் ஸ்டுடியோவின் பெயர் தெரியும். கடைசிக் கொத்து காட்டுக்குள் எதிரொலித்து அடங்கும். படம், ஒலி, கறுப்புப் பின்னணி எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து ஒரே எம்பி4. பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள், பணமும் சொன்ன தேதியில் வந்தது. நானும் மறந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்துப் போன் வந்தது. வெளியீட்டாளரின் லோகோ எங்கள் லோகோவுக்கு முன்னால் வருகிறதாம், அதன் பின்னணி வெள்ளை. வெள்ளையிலிருந்து பட்டென்று என் கறுப்புக்கு விழுந்தால் கண்ணில் அறைந்த மாதிரி இருக்கிறது. சரி, பின்னணியை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றேன். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது.

கேம் விநாடிக்கு 60 ஃபிரேமில், அதாவது 60 படங்களில் ஓடுகிறது. நான் சினிமா பழக்கத்தில் 24இல் செய்திருந்தேன். 24ஐ 60க்குள் அடைத்தால் ஒரு ஃபிரேம் இரண்டு துடிப்பு நிற்கும், அடுத்தது மூன்று துடிப்பு நிற்கும். மெதுவாக நகரும் மேகத்தில் இது பெரிதாக உறுத்தாது. மரங்கொத்தியின் தலை ஒரு முறை போய்வரவே எனக்கு நான்கு ஃபிரேம்தான். அதில் ஒன்று நீண்டு ஒன்று சுருங்கியதும் பறவை நொண்ட ஆரம்பித்துவிட்டது.

போனுக்கு நிமிர்ந்த திரை. இரண்டு பக்கமும் தெறித்த செதில்கள் திரைக்கு வெளியே போயின. பறவையின் வாலும் பாதி போனது.

ஒலி இன்னும் மோசம். எதிரொலி அடங்க இரண்டு விநாடி வேண்டும். நான் படம் முடிந்த இடத்தில் ஃபைலை வெட்டியிருந்தேன். கறுப்புத் திரை இருந்தவரை அது காதில் படவில்லை. கேமின் முதல் இசை வந்து ஒட்டியதும், பேசிக்கொண்டிருந்தவரின் வாயைப் பொத்தியது போல நின்றது.

கடைசியாக, அவர்களுக்கு ஓர் ஆசை. லோகோவில் இருக்கும் மரங்கொத்தி அப்படியே பறந்துபோய் கேமின் முதல் காட்சியில் உட்கார வேண்டும். அருமையான யோசனை, எனக்கே தோன்றியிருக்க வேண்டும். ஆனால் பறவை எம்பி4க்குள் கறுப்போடு கறுப்பாக ஒட்டிப்போயிருந்தது. பின்னணியை ஊடுருவித் தெரிய வைக்கும் ஆல்ஃபா சேனல் கிடையாது, தனி லேயர் கிடையாது.

மூல ஃபைலைத் திறந்தேன். செதில் தெறிக்க வைத்த ப்ளக்இன் என்ற துணை மென்பொருளின் சந்தா முடிந்திருந்தது. புதுப் பதிப்பை வாங்கிப் போட்டால் செதில்கள் வேறு மாதிரி விழுந்தன. ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு சின்ன ஒலி வைத்திருந்தேன், அத்தனையும் தடம் மாறிவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி செய்ய மூன்று வாரம். கூடுதல் பணம் கேட்க வாயில்லை. நான் அனுப்பிய விலைப்பட்டியலில் 'எல்லாத் தளங்களுக்கும்' என்று நானே எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் கொஞ்சம் பெரிய ஆள் போலத் தெரியும் என்று நினைத்தேன்.

இந்தத் துறையின் ஆரம்பத்தைப் பார்த்தால், அவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வீடியோ வைக்க இடமே கிடையாதே. 1989இல் வந்த கேம் பாயை ஆன் செய்தால் நின்டெண்டோவின் பெயர் மேலிருந்து மெல்ல இறங்கி நடுவில் நிற்கும், 'டிங்' என்று ஓர் ஒலி கேட்கும். அந்த லோகோ மொத்தமே 48 பைட். அதை இறக்கிக் காட்டும் புரோகிராம் 256 பைட். அந்த 48 பைட் கார்ட்ரிட்ஜில் இருந்து படிக்கப்பட்டு, கருவிக்குள் இருக்கும் பிரதியோடு ஒப்பிடப்படும். ஒத்துப்போகாவிட்டால் கேம் தொடங்காது. கார்ட்ரிட்ஜின் முனையில் அழுக்கு இருந்தால் பெயருக்குப் பதில் சிதைந்த கட்டம் ஒன்று இறங்கி வந்து அப்படியே நின்றுவிடும். லோகோவே பழுதையும் காட்டிக்கொடுத்தது.

1991இல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியில் வந்த முதல் சோனிக் கேமில் 'சே-கா' என்று பாடும் குரலோடு நீல எழுத்தின் மேல் ஒரு வெளிச்சம் ஓடும். அங்கே எந்தப் படமும் நகரவில்லை. எழுத்துக்கு உரிய வண்ண எண்களை மட்டும் வரிசையாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். வெளிச்சம் ஓடுவதாக நம் கண்தான் முடிவு செய்துகொள்கிறது. அடுத்த வருடம் சோனிக் 2 வந்தபோது அதே திரையில் கேமின் நாயகன் சோனிக்கே குறுக்கே ஓடி லோகோவைக் கொண்டுவந்தான். லோகோ துண்டு துண்டாக, ஓடும் புரோகிராமாக இருந்ததால் கேமுக்கு ஏற்ப வளைந்துகொடுத்தது. 2001இல் ரேர் ஸ்டுடியோ வெளியிட்ட கான்கர் கேமில், கான்கர் என்ற அணில் ரம்பத்தை எடுத்து நின்டெண்டோ 64 லோகோவையே அறுத்துத் தள்ளும். எம்பி4 ஃபைலை அணிலால் அறுக்க முடியாது.

பிளேஸ்டேஷன் 2 தொடங்கும்போது புகைக்குள் நிற்கும் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். மெமரி கார்டில் பதிவாகியிருக்கும், நீங்கள் ஆடிய கேம்களைப் பொறுத்து அவை எழும்பும். புது ஆள் ஆன் செய்தால் வெறும் தரை, நாள்பட்டவர் ஆன் செய்தால் ஒரு நகரம். நின்டெண்டோவின் கேம்கியூப் கருவியில் ஒரு கன்ட்ரோலரின் இசட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் வழக்கமான ஒலிக்குப் பதில் குழந்தை சிரிப்பது போல வேறொன்று வரும். நான்கு கன்ட்ரோலரிலும் அழுத்தினால் இன்னொன்று.

இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்றால், லோகோவை மூன்றாகப் பிரிக்கிறேன். வருவது, நிற்பது, போவது. 'நிற்பது' முடிவில்லாமல் சுற்றக்கூடியதாக இருக்க வேண்டும். மரங்கொத்தி தலையைச் சாய்த்துப் பார்க்கும், சிறகைக் கோதும். கேம் உள்ளே லோடு ஆகி முடிந்ததும் 'போவது' தொடங்கும். வேகமான கருவியில் இரண்டரை விநாடியில் முடிந்துவிடும், பழைய போனில் எட்டு விநாடி ஆனாலும் பறவை சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். பறவை, மரம், எழுத்து தனித்தனி லேயர். செதில் தெறிப்பதை ஆல்ஃபாவோடு படவரிசையாக எடுத்து வைத்துவிடுகிறேன், பிறகு ப்ளக்இன் இருந்தால் என்ன, செத்தால் என்ன. கொத்தும் ஒலி தனி, எதிரொலி தனி. செய்வது 60 ஃபிரேமில்.

"கஸ்டமர் எம்பி4தானே கேட்கிறார்" என்று ஒரு தம்பி கேட்டார். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ட்ரெய்லரில் போட அவர்களுக்கு அது வேண்டும். இந்தத் துண்டுகளிலிருந்து எம்பி4 எடுக்க ஒரு மதியம் போதும். எம்பி4இலிருந்து துண்டுகளைப் பிரிக்க எனக்கு எவ்வளவு ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன்.

லென்ஸ் ஃபிளேர்

லென்ஸில் வெளிச்சம் பட்டதுபோல் தெறிக்கும் அந்த ஒளிவளையங்கள்தான். வேண்டாம்.

நம் லோகோ தனியாக வரும் என்று நம்புவது

வராது. வெளியீட்டாளர், எஞ்சின், ஒலி மென்பொருள், எச்சரிக்கை வாசகம் எல்லாம் வரிசையில் நிற்கும். யூனிட்டி என்ற எஞ்சினின் இலவசப் பதிப்பில் செய்த கேம்களில் அவர்களுடைய லோகோவைக் காட்டியே ஆக வேண்டும் என்ற விதி 2024இல் யூனிட்டி 6 வந்தபோதுதான் தளர்ந்தது. நமக்கு முன்னால் என்ன நிறம், பின்னால் என்ன நிறம் என்று கேட்ட பிறகு அனிமேஷனின் முதல் கீஃபிரேமை வையுங்கள்.

நல்ல ஸ்பீக்கரில் மட்டும் கேட்பது

அந்த 'டம்ம்' உங்கள் அறையில் நெஞ்சை அதிர வைக்கும். போனில் அது 'டப்' என்று ஒரு தட்டு, அவ்வளவுதான். போனில் கேட்க வேண்டும் என்று ஒலியை ஏற்றினால், இரவு பதினொன்றுக்கு டிவியில் கேமை ஆன் செய்பவரின் வீட்டில் எல்லோரும் எழுந்துகொள்வார்கள். சோனியின் பரிந்துரையில் வீட்டு கன்சோலுக்கு மைனஸ் 24 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு), கையடக்கக் கருவிக்கு மைனஸ் 18 என்று இரண்டு அளவு தனித்தனியாக இருப்பது இதனால்தான். இரண்டு மிக்ஸ் செய்யுங்கள்.

ஒலி சத்தமாக இருக்க வேண்டியதில்லை, சேதி சொன்னால் போதும். 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனில் வெள்ளைத் திரையோடு வரும் முதல் ஒலி கேட்டால் கருவி சரியாக இருக்கிறது என்று பொருள். அடுத்துக் கறுப்புத் திரையும் அதன் ஒலியும் வந்தால் டிஸ்க்கும் படிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே தெரிந்துகொள்ளலாம்.

ஓரம் வரை எழுத்து

டிவிகள் இன்னும் ஓரத்தைத் தின்கின்றன. நடுவில் உள்ள 90 சதவீதத்துக்குள் எழுத்தை வையுங்கள்.

வெளிச்சத்தை வெட்டி வெட்டி அடிப்பது

வந்த எட்டில் ஐந்து லோகோவில் மின்னல் இருந்தது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வெட்டியதால் அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2020இல் சைபர்பங்க் 2077 வெளியானபோதும் ஒரு காட்சியில் கண்ணருகே வெட்டிய விளக்குகளால் வலிப்பு வரலாம் என்று எச்சரிக்கை எழுந்து, அவசரமாகத் திருத்தினார்கள். விதி எளிது. திரையின் பெரிய பரப்பில் எந்த ஒரு விநாடியிலும் மூன்று வெளிச்ச வெட்டுக்கு மேல் கூடாது. லோகோவுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் எச்சரிக்கை வாசகத்துக்கு முன்பே லோகோ ஓடிவிடுகிற கேம்களும் உண்டு.

மரங்கொத்தியின் ஒவ்வொரு கொத்துக்கும் திரை முழுக்க ஒரு வெள்ளை வெட்டு வைத்திருந்தேன். விநாடிக்கு ஆறு. அந்த மூன்று வாரத்தில் அத்தனையையும் எடுத்துவிட்டு, மரத்தை மட்டும் ஒரு முடி அளவு அதிர வைத்தேன். புது லோகோவைப் பார்த்துவிட்டு அந்த ஐவரும் எழுத்து கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதே என்றார்கள். வெட்டு போனதை யாருமே கவனிக்கவில்லை.