பழைய படத்தை மறுபடி ரிலீஸ் செய்ய: வடசென்னைத் தியேட்டருக்கான கணக்கும் வேலையும்

பழைய படத்தை மறுபடி ஓட்ட நினைப்பவர் முதலில் காலண்டரை எடுக்க வேண்டும். படத்தை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம். ரீ-ரிலீஸ் வசூல் என்பது பெரும்பாலும் காலி வாரத்தின் வசூல்தான்.

'கில்லி' 2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை வந்தது. முந்தைய நாள்தான் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. பெரிய நடிகர் படம் எதுவும் களத்தில் இல்லை, பள்ளிகள் விடுமுறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. 20 வருஷத்துப் படம் புதுப் படத்தைப் போல ஹவுஸ்ஃபுல் ஆனது. 2021 மார்ச்சில் சீனாவில் 'அவதார்' மறுபடி வந்தபோதும் இதே நிலைதான். கொரோனாவால் புது ஹாலிவுட் படங்கள் தள்ளிப்போயிருந்தன. அந்த வசூலில் 'அவதார்' உலகப் பட்டியலில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்'-ஐத் தாண்டி மீண்டும் முதலிடம் பிடித்தது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2025 பிப்ரவரி 7 அன்று 'இன்டர்ஸ்டெல்லார்' இந்தியாவில் மறுபடி வந்தது. ஐமேக்ஸ் திரைகளில் டிக்கெட் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளியே புது இந்திப் படம் அந்தத் திரைகளை எடுத்துக்கொண்டது. கூட்டம் இருந்தும் திரை இல்லாமல், மார்ச்சில் இன்னொரு முறை கொண்டுவர வேண்டியதாயிற்று. எனவே படம் போடும் வாரத்தைப் போலவே அடுத்த வாரத்தையும் பாருங்கள். அடுத்த வெள்ளிக்குப் பெரிய படம் புக் ஆகியிருந்தால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வாரக் கடைசி. விலை பேசும்போது அதற்கு மட்டும் பேசுங்கள்.

வடசென்னைக்கென்று தனிக் காலண்டரும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் ஆள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. அப்போது டிக்கெட் விலையை ஏற்றக் கூடாது. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஷிப்ட் வேலை என்பதால் இரவுக் காட்சியை நேரத்தோடு தொடங்கினால்தான் காலை ஷிப்ட்காரர் வருவார். ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் வாங்கி, சமைத்து, சாப்பிட்டுவிட்டு வருபவர்களுக்கு 10 மணிக் காட்சி ஆகாது. அன்று 11:30-க்குத் தொடங்குங்கள்.

எந்த வகைப் படம்

மூன்று வகை இருக்கிறது, மூன்றும் வேறு வேறு விதமாக வசூலிக்கும். முதல் வகை ரசிகர் கொண்டாட்டப் படம். முதல் மூன்று நாளில் கொட்டும், திங்கட்கிழமை விழும். இரண்டாவது, தரம் உயர்த்தி வருகிற பெரிய படம். 'கர்ணன்' (1964) புதுப்பிக்கப்பட்டு 2012-ல் வந்து நூறு நாளைத் தாண்டியது. அதே ஆண்டில் 3டி-யில் வந்த 'டைட்டானிக்' உலகம் முழுக்கச் சுமார் 34 கோடி டாலர் வசூலித்தது, அதில் 14 கோடிக்கு மேல் சீனாவிலிருந்து. இந்த வகைக்குக் குடும்பம் வரும், மெதுவாக ஏறும், நாள் பிடிக்கும். மூன்றாவது, முதல் சுற்றில் சரியாகப் போகாமல் வீட்டுத் திரையில் பேர் வாங்கிய படம். 'தும்பாட்' (2018), 'சனம் தேரி கசம்' (2016) இரண்டும் மறுவெளியீட்டில் முதல் வெளியீட்டைவிட அதிகம் வசூலித்தன. ஒற்றைத் திரைத் தியேட்டருக்கு இந்த மூன்றாவது வகை ஆபத்தானது. அதன் ரசிகர்கள் நகரம் முழுக்கச் சிதறி இருப்பார்கள், மல்டிபிளெக்ஸில் சின்ன ஸ்கிரீனுக்குத்தான் அது பொருந்தும்.

'நூறு நாள்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். தினம் ஒரு காட்சி ஓடினாலும் அது ஒரு நாள்தான். ஓடிய நாளைக் கேட்காதீர்கள், காட்சிக்கு எத்தனை டிக்கெட் என்று கேளுங்கள்.

உரிமை: யாரிடம் வாங்குகிறோம்

சாட்டிலைட் உரிமை, டிஜிட்டல் உரிமை, தியேட்டர் உரிமை எல்லாம் தனித்தனி. பழைய படங்களில் நெகட்டிவ் உரிமை (படத்தின் மூல உரிமை) மூன்று நான்கு கை மாறியிருக்கும். தயாரிப்பாளரிடமிருந்து இன்றைய உரிமையாளர் வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். நடுவில் ஒரு கண்ணி இல்லையென்றால் வியாழக்கிழமை நீதிமன்றத் தடை வரும், வெள்ளிக்கிழமை டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரும்.

இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு. 1964-ல் வந்த படத்துக்கு அது 2024 இறுதியோடு முடிந்தது. அதனால் யாரும் எடுத்து ஓட்டலாம் என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டுக்கும் இசைக்கும் எழுதியவர், இசையமைத்தவர் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டு வரை உரிமை உண்டு. நல்ல பிரதி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போகாமலும் முடியாது.

தணிக்கைச் சான்றிதழுக்கு முன்பு 10 ஆண்டுக் காலக்கெடு இருந்தது. 2023-ல் வந்த சட்டத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. ஆனால் நீளத்தைக் குறைத்தாலோ காட்சி சேர்த்தாலோ மறுபடி வாரியத்திடம் போக வேண்டும். புகை பிடிக்கும் காட்சி உள்ள பழைய படத்துக்குத் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி விழிப்புணர்வுப் படம் கட்டாயம். இதை மறந்து பிளேலிஸ்ட் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஏரியாவையும் எழுதிக்கொள்ளுங்கள். திருவொற்றியூர் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. விநியோகக் கணக்கில் 'சென்னை சிட்டி', 'செங்கல்பட்டு' என்ற பழைய பிரிவுகள் மாநகராட்சி எல்லையைப் பார்த்து மாறுவதில்லை. ராயபுரம் ஒருவரிடமும் அதற்கு வடக்கே இன்னொருவரிடமும் இருக்கலாம். ஒப்பந்தத்தில் ஏரியா பெயரோடு உங்கள் தியேட்டரின் பெயரும் இருக்கட்டும்.

கணக்கு

கீழே உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்கு. உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

500 இருக்கை. டிக்கெட் ₹100, எல்லா வரியும் போக ₹90 என்று வைப்போம். காட்சிக்கு மின்சாரம், ஆள் கூலி, சர்வர் கட்டணம் எல்லாம் சேர்த்து ₹6,000. ஷேர், அதாவது தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்ளும் பங்கு, பாதிக்குப் பாதி. ஒரு டிக்கெட்டில் தியேட்டருக்கு ₹45. ஆகவே ஒரு காட்சியின் செலவு வெளிவர 134 டிக்கெட் வேண்டும், ஏறக்குறைய 27 சதவீதம். பேரம் பேசப் போகும்போது இந்த ஒரு எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள்.

வெள்ளி முதல் ஞாயிறு வரை 12 காட்சி, 70 சதவீதம் நிரம்பினால் 4,200 டிக்கெட். திங்கள் முதல் வியாழன் வரை தினம் 2 காட்சி, 20 சதவீதம் என்றால் 800 டிக்கெட். மொத்தம் 5,000. கிராஸ் (மொத்த டிக்கெட் பணம்) ₹5,00,000, நெட் (வரி போக) ₹4,50,000, விநியோகஸ்தர் ஷேர் ₹2,25,000. ஒரே வாரத்துக்கு மூன்று எண். 'அஞ்சு லட்சம் கலெக்‌ஷன்' என்று போஸ்டரில் வருவது முதல் எண், யார் கைக்கும் முழுதாக வராதது.

தியேட்டருக்கு வந்த ₹2,25,000-ல் 20 காட்சிச் செலவு ₹1,20,000 போக மிச்சம் ₹1,05,000. இப்போது வாரநாள் காட்சிகளைத் தூக்கிப் பாருங்கள். 12 காட்சியில் தியேட்டர் ஷேர் ₹1,89,000, செலவு ₹72,000, மிச்சம் ₹1,17,000. எட்டுக் காட்சியைக் குறைத்ததால் ₹12,000 கூடுகிறது. ரசிகர் படத்தை வாரம் முழுக்க நாலு காட்சி போடுவோம் என்று ஒப்புக்கொள்வதுதான் தியேட்டர்கள் செய்யும் பெரிய தவறு. வாரநாளில் மாலைக் காட்சி ஒன்றை மட்டும் வைத்து, மீதியைப் புதுப் படத்துக்குக் கொடுங்கள்.

எம்.ஜி. (மினிமம் கேரண்டி: படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் விநியோகஸ்தருக்கு முன்பே கொடுக்கும் தொகை) கேட்டால்? ₹3,00,000 எம்.ஜி. கொடுத்து, வாரக் கடைசி 50 சதவீதம்தான் நிரம்பியது என்று வையுங்கள். 3,000 டிக்கெட், நெட் ₹2,70,000. எம்.ஜி.யிலேயே ₹30,000 போச்சு, செலவு ₹72,000 தனி. பழைய படத்துக்கு எம்.ஜி. கொடுக்காதீர்கள். சதவீதத்தில் வாங்குங்கள், அல்லது திருப்பிக் கழித்துக்கொள்ளும் அட்வான்ஸ் கொடுங்கள்.

வரி: 2025 செப்டம்பர் 22 முதல் ₹100 வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. பழைய படத்துக்கு விலையை எல்லைக்குள் வைப்பதே நல்லது. உள்ளாட்சிக் கேளிக்கை வரியில் பழைய படத்துக்கும் புதுப் படத்துக்கும் விகிதம் வேறாக இருக்கலாம். புதுப் பட விகிதத்தையே கட்டிவிடாமல் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டி.சி.ஆர். (தினசரி வசூல் அறிக்கை) எழுதும்போது காட்சிவாரியாக எழுதுங்கள், நாள் மொத்தம் மட்டும் போதாது. ஆன்லைன், கவுண்டர் தனித்தனியாக. ரசிகர் மன்றம் மொத்தமாக வாங்கிய டிக்கெட்டை அறிக்கையில் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள். அதைக் கலந்துவிட்டால் ஞாயிறு இரவு பார்க்கிற எண் பொய் சொல்லும், திங்கட்கிழமைக் காட்சிகளைத் தப்பாக முடிவு செய்வீர்கள்.

திரையும் பிரதியும்

பிரதியைக் குறைந்தது மூன்று நாள் முன்பே வாங்குங்கள். இரண்டரை மணி நேர 2கே டி.சி.பி. (தியேட்டர் சர்வரில் ஏற்றும் டிஜிட்டல் பிரதி) 150 முதல் 250 ஜி.பி. வரை இருக்கும். பழைய யு.எஸ்.பி. போர்ட் வழியே ஏற்றினால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். கே.டி.எம். எனப்படும், பூட்டிய பிரதியைத் திறக்கும் சாவிக் கோப்பு உங்கள் சர்வர் ஒன்றுக்கு மட்டுமே வேலை செய்யும். சர்வரையோ மீடியா பிளாக்கையோ (பிரதியைத் திறந்து ஓட்டும் கருவி) மாற்றியிருந்தால் அந்தக் கருவியின் புது டிஜிட்டல் சான்றிதழை அனுப்பித்தான் சாவி வாங்க வேண்டும். சாவியின் தொடக்க நேரத்தைப் படித்துப் பாருங்கள். உலக நேரப்படி காலை 10 என்று போட்டிருந்தால் நமக்கு அது பிற்பகல் 3:30, காலைக் காட்சி திறக்காது. முடிவு நேரத்தையும் கடைசி இரவுக் காட்சிக்குப் பிறகு மறுநாள் காலை வரை கேட்டு வாங்குங்கள்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரமாக இருக்கும். அதை ஸ்கோப் திரை முழுக்க இழுத்துக் காட்டினால் தலையோ காலோ வெட்டுப்படும், அல்லது முகம் அகலும். இரு பக்கமும் கறுப்பு இருக்கட்டும், பக்கத் திரையை உள்ளே இழுத்துவிடுங்கள். மோனோ ஒலி (பழைய படங்களின் ஒற்றைத் தட ஒலி) நடு ஸ்பீக்கரில் வர வேண்டும். ஒலியளவைப் புதுப் படத்தின் அளவில் விட்டால் வசனம் கேட்காது என்று கூட்டம் கத்தும், மிகவும் ஏற்றினால் இரைச்சல் ஏறும். காலி அரங்கில் சரிபார்த்தது போதாது. ஆள் நிறைந்தால் ஒலி உறிஞ்சப்படும், இரண்டு மூன்று படி கூட்ட வேண்டியிருக்கும்.

மூன்று மணி நேரப் படத்துக்கு இடைவேளை 20 நிமிடம், சுத்தம் செய்ய 15 நிமிடம். அதோடு 'ஒன்ஸ் மோர்' கேட்பார்கள். ஒரு பாட்டை மறுபடி போட்டால் 5 நிமிடம். எந்தப் பாட்டு என்று முன்பே முடிவு செய்து, அதன் தொடக்க நேரத்தை ஆபரேட்டர் குறித்து வைத்திருக்கட்டும். காட்சிக்கு 10 நிமிடம் இதற்கென்று ஒதுக்கினால் அடுத்த காட்சிக் கூட்டம் வாசலில் முட்டாது.

முதல் நாள் திரைக்கு முன்னால் மேடை ஏறுவார்கள், காகிதம் பறக்கும். திரையில் ஒரு கீறல் விழுந்தால் இந்தப் படத்தின் லாபம் முழுக்க அதற்கே போகும். முதல் வரிசைக்கும் மேடைக்கும் நடுவே கயிறு கட்டி நாலு பேரை நிறுத்துங்கள். பட்டாசை வாசலிலேயே வாங்கி வையுங்கள். பால் பாக்கெட் கட்அவுட்டோடு நிற்கட்டும், உள்ளே வர வேண்டாம்.

ஞாயிறு மாலைக் காட்சி தொடங்கிய அரை மணியில் திங்கட்கிழமைக்கான முன்பதிவைப் பாருங்கள். மாலைக் காட்சிக்கு 60 டிக்கெட்டுக்குக் கீழே இருந்தால் அந்த இரவே விநியோகஸ்தரிடம் பேசிக் காட்சியைக் குறைத்துவிடுங்கள். 134 வராது.