வைகைக் கழிமுகத்தின் பழைய சர்வே வரைபடத்தைக் கியூஜிஐஎஸ்ஸில் பொருத்துவது எப்படி?

வைகை நேராகக் கடலுக்குப் போவதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து, மிஞ்சும் தண்ணீர்தான் ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் பாக் விரிகுடாவில் சேரும். அந்த இடம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க, மைலுக்கு ஓர் அங்குல அளவிலான பழைய சர்வே தாளை எடுத்தேன். அதைக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில் பொருத்திய வழி இது.

படி 1: தாளை 300 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். போனில் எடுத்த படம் வேண்டாம், மடிப்பு வளைந்துவிடும்.

படி 2: படத்தைப் பூமியில் அதற்குரிய இடத்தில் பொருத்தும் கருவியான ஜியோரெஃபரன்சரைத் திறந்து படத்தை ஏற்றுங்கள். ஆயத்தொலை முறை (அட்ச, தீர்க்க எண்களை அளக்கும் அடிப்படை) இந்தியாவுக்கான கல்யாண்பூர் 1975; பட்டியலில் தேட அதன் குறியெண் இபிஎஸ்ஜி 4146.

படி 3: அட்ச, தீர்க்கக் கோடுகள் வெட்டும் இடங்களில் புள்ளி வையுங்கள். நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். எண்களை அச்சிட்டபடியே கொடுத்தேன், வைகை முகத்துவாரம் கடலுக்குள் போய் நின்றது. தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: தீர்க்கரேகையில் 2 நிமிடம் 27 விநாடி கழிக்கவும். ஆரம்ப கால சர்வேயில் தீர்க்கரேகையைக் கூடுதலாகக் கணித்ததன் பலன் அது. நம் அட்சரேகையில் அது சுமார் நாலரை கிலோமீட்டர்! ஆகவே 79° 00′ என்று அச்சிட்ட கோட்டுக்கு 78 57 33 என்று கொடுங்கள். எல்லாத் தாளுக்கும் இது பொருந்தாது, பிற்காலத் தாள்களில் திருத்தியே அச்சிட்டிருப்பார்கள். ஓரக்குறிப்பைப் படிக்காமல் கழிக்காதீர்கள்.

படி 4: உருமாற்றத்துக்கு, அதாவது படத்தைப் புள்ளிகளோடு பொருத்தும் கணக்குக்கு, நேர்கோடுகளை வளைக்காத பாலினோமியல் 1 போதும். தின் பிளேட் ஸ்ப்ளைன் பக்கமே போகாதீர்கள். புள்ளியைத் தப்பாக வைத்தாலும் படத்தை இழுத்து வளைத்து, பிழை பூஜ்யம் என்று காட்டும்.

படி 5: சரிபார்ப்பு. உத்தரகோசமங்கை கோயில், கண்மாய்க் கரையின் திருப்பங்கள், பழைய கலுங்கு (மிகைநீர் வெளியேறும் கட்டுமானம்) இவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். கரையோரத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். மணல் திட்டும் முகத்துவாரமும் நகரக்கூடியவை. அவற்றை இன்றைய கரையோடு ஒட்டவைத்தால், நாம் தேடுகிற மாற்றத்தையே அழித்துவிடுவோம்.

பிற்சேர்க்கை: வரைபடம் நார்வேக்கு வடக்கே போய்விட்டது என்று இருவர் எழுதியிருந்தார்கள். எக்ஸ் பெட்டியில் 9, அதாவது நம் அட்சரேகையைப் போட்டிருக்கிறீர்கள். எக்ஸில் தீர்க்கரேகை, ஒய்யில் அட்சரேகை. ஜியோரெஃபரன்சர் ராஸ்டர் மெனுவில் இல்லையென்றால் லேயர் மெனுவில் பாருங்கள், புதிய பதிப்புகளில் அங்கே மாற்றிவிட்டார்கள்.