பெங்களூரு வீட்டுத் தோட்டத்தில் விதையிலிருந்து எல்டர்பெரி

கொத்துக் கொத்தாகச் சிறு கறுப்புப் பழங்கள் காய்க்கும் புதர்ச்செடியான எல்டர்பெரியை விதையிலிருந்து வளர்க்க விரும்பும் பெங்களூருவாசிகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வெப்பமும் குளிரும் அந்த விதைக்கு எந்த வரிசையில் கிடைக்க வேண்டும் என்பதே. தக்காளி, கத்தரி விதைகளைப் போல ஈர மண்ணில் தூவிவிட்டுக் காத்திருந்தால் மாதக்கணக்கில் எதுவும் முளைக்காது. பழம் உதிரும் சமயத்தில் விதைக்குள் இருக்கும் கரு முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. அது வளர்வதற்கு இரண்டு அல்லது மூன்று மாதம் ஈரத்தோடு கூடிய வெப்பமும், அதன் பிறகு உறக்கம் கலைவதற்கு மூன்று முதல் ஐந்து மாதம் ஈரத்தோடு கூடிய குளிரும் தேவைப்படுகின்றன. குளிர்நாடுகளில் இவை இரண்டும் மண்ணுக்குள்ளேயே விதைக்குக் கிடைத்துவிடுகின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், பெங்களூருவின் மார்கழி இரவுகள்கூடப் பெரும்பாலும் 15 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால், இங்கே குளிருக்கு ஃபிரிட்ஜைத்தான் நம்ப வேண்டும்.

எந்த இனத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதையும் விதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. ஐரோப்பியக் கறுப்பு எல்டர்பெரி நீண்ட பனிக்காலத்துக்குப் பழகிய செடி. அமெரிக்க எல்டர்பெரியோ கனடாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வெப்பம் மிகுந்த ஃபுளோரிடா வரை இயல்பாக வளர்வது. அது புதிதாக முளைத்த தண்டுகளிலும் பூக்கக்கூடியது. ஆகவே நம் ஊருக்கு அமெரிக்க இனமே பொருத்தம் என்பது என் கருத்து. வெளிநாட்டிலிருந்து நேரடியாக விதை தருவிப்பதற்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி, நோயும் பூச்சியும் இல்லை என்று காட்டும் நலச்சான்றிதழ் தேவை என்பதால், உள்நாட்டு விற்பனையாளர்களிடம் வாங்குவதே எளிது. தேநீருக்கென்று விற்கப்படும் உலர்ந்த பழங்களிலிருந்து விதை எடுக்கலாமா என்று பலரும் கேட்பதுண்டு; அதிகச் சூட்டில் உலர்த்தப்பட்டவையாக இருந்தால் அவற்றில் உயிர் இருக்காது என்பதால், அவற்றை நம்பி ஓராண்டைச் செலவிட வேண்டாம். புதிய பழம் கிடைத்தால் அதை நீரில் மெதுவாகப் பிசைந்து, மிதக்கும் சதையையும் பொக்கு விதைகளையும் வடித்துவிட்டு, அடியில் தங்கும் விதைகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பழத்தில் வழக்கமாக மூன்று முதல் ஐந்து விதைகள் இருக்கும்.

நம் தமிழ் மாதக் கணக்கு இந்த வேலைக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்திவருகிறது. பங்குனி தொடக்கத்தில் விதைகளை ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து, கழுவிய ஆற்று மணலும் தென்னைநார்த் தூளும் சம அளவில் கலந்த கலவையில் சேர்த்து, மூடக்கூடிய பிளாஸ்டிக் பையில் இட வேண்டும். கலவையைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் நீர் சொட்டக் கூடாது; ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும், குறைந்தால் விதை மீண்டும் காய்ந்து அதுவரை நடந்த வளர்ச்சி நின்றுவிடும். பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களும் அந்தப் பை நேரடி வெயில் படாத அலமாரியில் இருந்தால் போதும், ஏனெனில் அப்போது பெங்களூரு அறைகளில் இயல்பாக நிலவும் வெப்பமே விதைக்குத் தேவையான 20 முதல் 30 டிகிரிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து காற்றுப் படவிட்டு, பூஞ்சை தென்பட்டால் விதைகளைக் கழுவிப் புதிய கலவைக்கு மாற்ற வேண்டும்.

ஆனி பிறந்ததும் பையை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். சுமார் 5 டிகிரி குளிரே இலக்கு. ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. இட்லி மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே நான்கு மாதம் கிடக்கப்போகும் மணல் பையை வீட்டில் வேறு யாராவது குப்பையென்று எறிந்துவிடாதபடி, அதன்மேல் பெயரையும் தேதியையும் பெரிதாக எழுதி வைப்பது அவசியம். புரட்டாசியில் சில விதைகள் பையிலேயே வெள்ளை வேர் நீட்டத் தொடங்கினால், அவற்றை மட்டும் உடனே எடுத்து நட்டுவிடலாம்.

மற்றவற்றை ஐப்பசியில் விதைக்கலாம். செம்மண், மண்புழு உரம், தென்னைநார்த் தூள் கலந்த நாற்றுத் தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்காமல் விதைத்து, ஐப்பசி அடைமழை நேரடியாகக் கொட்டாத இடத்தில், வெளிச்சம் படும்படி வைக்க வேண்டும். முளைப்பு ஒரே நாளில் நிகழ்வதில்லை. சில விதைகள் அடுத்த ஆண்டுதான் முளைக்கும் என்பதால் தட்டை அவசரப்பட்டுக் காலி செய்ய வேண்டாம். முதலில் வரும் இலைகள் தனி இலைகளாக இருப்பதைக் கண்டு வேறு ஏதோ களை என்று பிடுங்கிவிடாதீர்கள். சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை பிறகுதான் தோன்றும்.

நாற்றில் மூன்று ஜோடி இலைகள் வந்த பிறகு சிறு பைக்கும், மாசிக்குள் குறைந்தது 20 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கோ நிலத்துக்கோ மாற்றினால், கோடை வருவதற்குள் வேர் ஊன்றிவிடும். இதன் வேர்கள் மேலாகவே படர்வதால், முதல் கோடையில் மண் காய்ந்துபோவதுதான் செடிக்கு மிகப் பெரிய ஆபத்து. காலை வெயில் கிடைத்து, பிற்பகலில் நிழல் விழும் இடத்தில் நட்டு, அடியில் காய்ந்த சருகை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பி வையுங்கள். நீர் விஷயத்தில் நம் நகரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றவே தடை விதித்தார்கள். பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீரோ உப்பு மிகுந்தது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீர் அதைவிட உப்பானது என்பதால் இளஞ்செடிக்கு அதை ஊற்றவே கூடாது. அரிசி, காய்கறி கழுவிய நீரும் சேமித்த மழைநீரும் போதும்.

செடிகளை இரண்டு மீட்டர் இடைவெளியில், இரண்டு மூன்றாக நடுவது காய்ப்புக்கு உதவும். விதையில் வளர்ந்த ஒவ்வொரு செடியும் மற்றதிலிருந்து சற்று மாறுபட்டிருப்பதால் அவற்றுக்கிடையே மகரந்தச் சேர்க்கை நன்றாக நடக்கும். பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். மாவுப்பூச்சி தென்பட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் அடங்கும்.

குழந்தைகளும் நாயும் இருக்கும் வீடுகளில் ஓர் எச்சரிக்கை கட்டாயம் தேவை. இலை, தண்டு, வேர், விதை, காய் ஆகிய அனைத்திலும் உடலுக்குள் சயனைடை வெளியிடக்கூடிய பொருள்கள் உள்ளன. 1983இல் கலிபோர்னியாவில் இலையும் காம்புமாகச் சேர்த்துப் பிழிந்த பச்சைச் சாற்றைக் குடித்த எட்டுப் பேரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. நன்கு கறுத்துப் பழுத்தவற்றை மட்டும் காம்பு நீக்கி, கொதிக்கவைத்து, விதையை வடிகட்டிய பிறகே உண்ண வேண்டும். மறு ஆண்டு விதைப்புக்கு வேண்டியவற்றை அடுப்பில் ஏற்றும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். வெந்த விதை முளைக்காது.